அக்ராவுக்கும் அடிஸ் அபாபாவுக்கும் நடுவே

மோர்டன்
2 மார்ச் 2025

அன்புள்ள மாலினிக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் இதைக் கிழித்துப்போட உமக்குத் தோன்றும். கிழிக்கிறதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியும். டெலிபோன் எடுத்தால் நீர் என் நம்பரைப் பார்த்ததுமே வைத்துவிடுகிறீர். மூன்று வருடமாக அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

சுகம் விசாரித்து நடிக்க எனக்கு வராது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். தக்ஷிகாவுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கிறது. பையன் பெயர் டினேஷ், வெம்பிளியில் இருக்கிறார்கள், கவுன்சிலில் நல்ல வேலை. தரகர் கொண்டுவந்த சம்பந்தம் என்று நினைக்காதேயும். இரண்டு பேரும் தாங்களே பழகி, விரும்பி, இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்கள். எங்களுக்கும் பிடித்தது, அவர்களுக்கும் பிடித்தது. மண்டபம்கூடப் பார்த்துவிட்டோம்.

இப்போது டினேஷின் தாய் ஒரு கதை கேள்விப்பட்டு, ஓர் அடி முன்னுக்கு வைக்கமாட்டேன் என்று நிற்கிறார். 'பொம்பிளைக்கு எட்டில செவ்வாயாமே, நீங்கள் தந்த சாதகத்தில அது இல்லையே?' என்று கேட்டார். அந்த மனிசி இளவயதில் புருஷனை இழந்தவர். சாதகம் பாராமல் கட்டியதால் வந்த வினை என்று இன்றைக்கும் நம்புகிறார். அவரிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று யார் சொல்வது? தக்ஷி சாப்பிடுகிறாள் இல்லை. வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருக்கிறாள்.

உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்த நேரம் தெரியும். அது உம்முடைய கைக்கடிகாரம் சொன்ன நேரம், இலங்கை நேரத்தை நீர் கடைசிவரை மாற்றவில்லை. இடம்தான் தெரியாது. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் அக்ராவில் ஏறினோம், கிழக்கே அடிஸ் அபாபாவில் இறங்கினோம், நடுவே ஆகாயத்தில் பிறந்தாள். சாத்திரியாரின் கொம்பியூட்டரில் ஆகாயம் என்று அடிக்க ஏலாது, ஓர் ஊரின் பெயர் வேண்டும். அதே நேரத்துக்கு அக்ரா என்று அடித்தால் மிதுன லக்கினம் வருகிறது, செவ்வாய் ஒன்பதில், ஒரு குறையுமில்லை. அடிஸ் அபாபா என்று அடித்தால் கடக லக்கினம், செவ்வாய் எட்டில். நடுவழியில் எங்கேயோ லக்கினம் மாறிவிடுகிறது.

அந்த விமானம் அக்ராவில் கிளம்பாமல் ஓடுபாதையில் கனநேரம் நின்றதாக எனக்கு ஒரு நினைவு. நின்றிருந்தால் பிள்ளை பிறக்கும்போது நாங்கள் அக்ராவுக்குக் கிட்டத்தான் இருந்திருப்போம். ஆனால் நான் தாய், அதுவும் அன்றைக்கு நோவில் கிடந்தவள். என் சொல்லை அவர் எடுக்கமாட்டார். பிள்ளையைக் கையில் வாங்கியவர் நீர். நீர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சிவனேஸ்வரி


இல்ஃபோர்ட்
8 மார்ச் 2025

ஈசு அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன்.

டினேஷின் தாய் 'ஒரு கதை கேள்விப்பட்டு' நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதை தானாக முளைத்ததா? மூன்று வருடத்துக்கு முந்தி என் மகன் துஷாந்தனுக்குத் தக்ஷியைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தரகரை அனுப்பவில்லை, நானே வந்தேன். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று அக்ராவில் ஏஜென்சிக்காரன் பூட்டிவைத்த வீட்டில் நான்கு மாதம் ஒரே கோப்பையில் சோறு பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு நடுவில் தரகர் எதற்கு என்று நினைத்தேன். 'சாதகத்தை ஒருக்கா பாப்பம்' என்று பத்மநாதன் அத்தான் சொன்னார். இரண்டு கிழமை கழித்து நீங்கள் டெலிபோன் எடுத்தீர்கள். 'மாலினி, பிள்ளைக்கு எட்டில செவ்வாய். துஷிக்கு ஏதும் நடந்தா என்னால தாங்க ஏலாது' என்றீர்கள். நான் அதைக் கோயிலில் இரண்டு பேரிடம் அழுதழுது சொன்னேன். உங்களைக் குறை சொல்லக்கூட இல்லை, விதியைத்தான் குறை சொன்னேன். அந்தக் கதைதான் இப்போது வெம்பிளி வரை போயிருக்கிறது.

அன்றைக்கு விமானத்தை அடிஸ் அபாபாவில் கொண்டுபோய் இறக்கினீர்கள். இன்றைக்கு அக்ராவுக்குத் திருப்பச் சொல்கிறீர்கள். அக்கா, அது என்ன மினிகாப் டாக்சியா?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். விமானம் ஓடுபாதையில் நிற்கவில்லை. வயிறு தெரியாமல் இருக்க ஏஜென்சிக்காரன் தந்த பெரிய கோட்டை நீங்கள் வயிற்றுக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி இருந்தீர்கள், நான் உங்கள் பக்கத்தில், என் மடியில் இரண்டு வயதுத் துஷி. கதவு மூடியதும் கிளம்பிவிட்டது. சாப்பாடு தந்து, கோப்பைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உங்களுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. எட்டு மாதம். துஷியை முன்சீற்றுக்காரனிடம் கொடுத்துவிட்டு எழும்பினேன். ஊரில் மந்திகை ஆசுபத்திரியில் தாதிமாருக்குப் பின்னால் துணி தூக்கித் திரிந்த பழக்கம் மட்டும்தான் எனக்கு. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

துஷி ஹீத்ரோவில்தான் வேலை, விமானங்களுக்குச் சாமான் ஏற்றுகிற பகுதிக்குச் சூப்பர்வைசர். அக்ராவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு எவ்வளவு தூரம் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். நாலாயிரத்து முந்நூறு கிலோமீற்றர் வரும் அம்மா, ஐந்தரை மணித்தியாலம் பறக்கும் என்றான். ஆருக்கு என்று கேட்டான். கோயிலுக்கு வரும் ஒரு மனிசிக்கு என்று பொய் சொன்னேன். அவன் சொன்ன கணக்குப்படி பிள்ளை பிறக்கும்போது பாதி வழி தாண்டியிருப்போம்.

தக்ஷியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மாலினி


மோர்டன்
10 மார்ச் 2025

மாலினிக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். என்னால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இவர் இப்போது காலையில் எழும்பினால் கொம்பியூட்டருக்கு முன்னால்தான். பத்மநாதன் என்ற மனிசன் வீட்டில் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருக்கிறது. அக்ராவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு இன்றைக்கும் விமானம் போகிறதாம், அது போகிற வழியைத் திரையில் பார்க்கலாமாம். ஒரு சின்ன மஞ்சள் விமானம் ஊர்ந்துகொண்டு போகிறது. நான் கறிச்சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு இவருக்குப் பின்னால் நின்று 'இப்ப எந்த நாடு? இப்ப?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நைஜீரியாவாம், கமரூனாம், பிறகு மத்திய ஆபிரிக்கக் குடியரசாம். இறைச்சி கரிந்து புகை அலாரம் அடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சுயநினைவு வந்தது.

சாத்திரியாரிடம் நீர் சொன்ன பாதிவழிக் கணக்கைச் சொன்னோம். லக்கினம் மாறுகிற இடமும் அந்த நாட்டின் நடுவில்தான் வருகிறதாம். கொஞ்சம் இங்கால் என்றால் ஒன்பது, கொஞ்சம் அங்கால் என்றால் எட்டு, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார். இத்தனை வருடமும் ஏதோ ஒன்று சரி என்று இருந்தேன். இப்போது உண்மையிலேயே எட்டாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறேன். அந்தப் பையன் தங்கமான பையன். அவனுக்கு ஏதாவது நடந்தால் அவன் தாயின் முகத்தில் முழிக்க ஏலுமா?

மூன்று வருடத்துக்கு முந்தி நடந்ததைக் கிளறாதேயும். அடிஸ் அபாபா ஆசுபத்திரியில் தந்த துண்டில் அந்த ஊரின் பெயர் இருந்தது, அதைக் கொடுத்துப் பார்த்தோம், எட்டு என்று வந்தது. சாதகம்தான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

சிவனேஸ்வரி


மோர்டன்
13 மார்ச் 2025

மாலினி,

பதில் வரவில்லை. தபாற்காரன் வருகிற நேரம் வாசலுக்கும் குசினிக்கும் நடையாய் நடக்கிறேன்.

உம்முடைய நம்பரை டினேஷின் தாயிடம் கொடுத்துவிட்டேன். கோபிக்காதேயும், வேறு வழி தெரியவில்லை. மூன்று கிழமைக்குள் கதைப்பேன் என்று சொன்னார். அதுவரைக்கும் மண்டபத்துக்காரருக்கு ஒன்றும் சொல்லவேண்டாமாம். தக்ஷியும் டினேஷும் சண்டை. ஒரு நியாயமும் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் ஏன் அடிபட வேண்டும்?

ஓடுபாதையில் நின்றது என்று மட்டும் சொல்லும். அது பெரிய பொய்யா? விமானங்கள் நிற்கிறதுதானே.

சிவனேஸ்வரி


இல்ஃபோர்ட்
16 மார்ச் 2025

ஈசு அக்காவுக்கு,

சரி, நிறுத்துகிறேன். எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள், அவ்வளவு நேரம் அக்ரா வெயிலில் நிறுத்திவைக்கிறேன். அந்த மனிசியிடம் சாமி சாட்சியாகவும் சொல்வேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆறு எல்லையில் துஷியை ஆறு பேருடைய பிள்ளை என்று சொல்லிக் கடந்தவள் நான்.

ஆனால் ஒன்று கேட்பேன்.

'சாதகம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு சாதகம் இருந்தன அக்கா. நல்லதை வைத்துக்கொண்டு எனக்குக் கெட்டதைக் காட்டினீர்கள். வெம்பிளிக்காரர் கேட்டபோது நல்லதைக் கொடுத்தீர்கள். நாங்கள் யார், நீங்கள் யார் என்பது அக்ராவில் ஏஜென்சிக்காரனின் வீட்டில் தெரியவில்லை. மோர்டனில் சோபாவில் இருந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு அன்றைக்கே விளங்கியது. துஷியிடம் நான் அதைச் சொல்லவில்லை. செவ்வாய் என்றே சொன்னேன். தன் தாயை ஒருவர் அப்படிப் பார்த்தார் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

அங்கேதான் பிழை விட்டேனோ தெரியாது. அவனுக்கு முப்பத்தொரு வயது. எந்தக் கல்யாணப் பேச்சுக்காலையும் காதில் போடுகிறான் இல்லை. 'பிறகு பாப்பம் அம்மா' என்று சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறான். ஒருவரிலும் பிழையில்லை, கிரகத்தில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். யாரிலும் கோபம் வராதவன் எப்படி மறப்பான்? தக்ஷிக்கு விருப்பமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தீர்கள் என்றால் அன்றைக்கே விட்டிருப்பான். அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் அவளிடம் கேட்கவே இல்லை.

அவனுக்கு டெலிபோன் எடுங்கள். சாதகம் காரணமில்லை என்று சொல்லுங்கள். என்ன காரணம் என்றும் சொல்லுங்கள். அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன், உங்கள் வாயால் வரட்டும். அவன் கோபப்படட்டும், கத்தட்டும், உங்களை வெறுக்கட்டும். அதற்குப் பிறகு என் பிள்ளை தன் பாட்டைப் பார்ப்பான். நீங்கள் கேட்டபடி நான் விமானத்தை நிறுத்துவேன்.

மாலினி


மோர்டன்
21 மார்ச் 2025

மாலினிக்கு,

இப்படி விலை பேசுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு பேரம் பேசலாமா? நான்கு நாளாக உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு புரள்கிறேன். இவருக்குக் காட்டவில்லை.

முடிவெடுத்தது நான் ஒருத்தியா? இவருடைய அக்கா கனடாவில் இருந்துகொண்டு கிழமைக்கு மூன்று தரம் டெலிபோன் எடுத்தா. 'அவை ஆரெண்டு தெரியும்தானே, நாளைக்கு எங்கட பிள்ளையளை ஆர் கட்டுவினம்?' என்று கேட்டா. இவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. லண்டனில் யார் இதைப் பார்க்கவில்லை, சொல்லு பார்ப்போம். இங்கிலிஷில் கதைக்கிற பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட முதல் கேள்வி அதுதானே. ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள், விஷயம் முடிந்துவிடும். நான் ஒருத்தி எதிர்த்து நின்று என்ன செய்திருப்பேன்?

எதிர்த்து நின்றிருக்கலாம். அது எனக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இவருக்கு நெஞ்சு ஒப்பரேஷன் செய்தபோது அடிக்கடி ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன். எங்கள் பழைய பிரிட்ஜைத் தனியாளாய் மாடியிலிருந்து இறக்கினவன். எங்கள் முடிவு தெரிந்த பிறகும், போன தைப்பொங்கலுக்கு 'அன்ரி, ஹப்பி பொங்கல்' என்று மெசேஜ் அனுப்பினான். அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொல்லை நான் சொல்லவேண்டுமா? கத்தினால்கூடப் பரவாயில்லை, கத்தமாட்டான். அதுதான் பயம்.

ஏலாது மாலினி. வேறு என்னவென்றாலும் கேள்.

சிவனேஸ்வரி


இல்ஃபோர்ட்
24 மார்ச் 2025

ஈசு அக்காவுக்கு,

ஏலாது என்றால் விடுங்கள். நான் வற்புறுத்தவில்லை.

டினேஷின் தாய் எடுத்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. பாதிவழி தாண்டிப் பிள்ளை பிறந்தாள்.

மாலினி


மோர்டன்
30 மார்ச் 2025

அன்புள்ள மாலினி,

நேற்றுத் துஷிக்கு எடுத்தேன்.

வீட்டில் இருந்து எடுக்க முடியவில்லை. பார்க்குக்குப் போய், இரண்டு சுற்று நடந்து, இரண்டு தரம் நம்பரை அமத்தி இரண்டு தரமும் நிறுத்தினேன். மூன்றாம் தரம் நிறுத்த முந்தி எடுத்துவிட்டான். பின்னால் விமானச் சத்தம். 'சொல்லுங்கோ அன்ரி. அங்கிளுக்கு ஏதும் சுகமில்லையோ?' என்றான். இத்தனைக்குப் பிறகும் முதலில் கேட்டது அது.

நான் எழுதிவைத்துப் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது. 'துஷி, நான் உன்ர அம்மாவுக்குச் சாதகம் எண்டு சொன்னது பொய் அப்பு. ரெண்டு சாதகம் இருந்தது. நாங்கள் சாதி பாத்தனாங்கள்' என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் வாயால் வந்த பிறகு பக்கத்து மரவாங்கில் போய் இருந்துவிட்டேன்.

விமானச் சத்தம் குறைந்தது, தள்ளிப் போய் நின்றிருப்பான். பிறகு, 'தெரியும் அன்ரி' என்றான்.

'எப்பயிருந்து?'

'அண்டைக்கே. அம்மா உங்கட வீட்டில கேட்டிட்டு வெளியில வரேக்க நான் காருக்குள்ள இருந்தனான். அங்கிள் எப்பவும் காரடி மட்டும் வாறவர். அண்டைக்குக் கதவடியோட நிண்டிட்டார்.'

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவன், 'அழாதேங்கோ அன்ரி, பாக்குக்க ஆக்கள் பாக்கப்போகினம்' என்றான். பிறகு ஒன்று சொன்னான். 'அம்மாவுக்கு இது தெரியாது. அவ செவ்வாய் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும். சொல்லிப்போடாதேங்கோ. உங்களோட அக்ராவில இருந்த கதையை இப்பவும் ஆக்களுக்குச் சொல்லுவா. தனக்கு ஒரு அக்கா கிடைச்ச இடம் எண்டு சொல்லுவா. அதைக் கெடுக்க ஏலாது.'

மூன்று வருடமாக நீ அவனுக்கு மறைத்திருக்கிறாய், அவன் உனக்கு மறைத்திருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மூடி மூடி வைத்தது என்னுடைய அசிங்கத்தை.

அப்படியென்றால் ஏன் வேறு இடம் பார்க்க விடுகிறாய் இல்லை, தக்ஷியை நினைத்துக்கொண்டா என்று கேட்டேன். சிரித்தான். 'சீச்சீ, அது எப்பவோ போட்டுது அன்ரி. அவளுக்கு டினேஷ் நல்ல பொருத்தம்' என்றான். 'பிறகேன்?' என்று விடாமல் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'பாக்கத் துவங்கினா அம்மா திரும்பவும் ஒரு வீட்டுக்குப் போய்க் கேக்கவேணும். நான் திரும்பவும் காருக்குள்ள இருக்கவேணும்.'

சொல்லவேண்டாம் என்று அவன் கேட்டதை உன்னிடம் சொல்லிவிட்டேன். சொல்லமாட்டேன் என்று அவனுக்குக் கொடுத்த வாக்கு போனது. ஆனால் இனியும் உனக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன ஏலாது.

விமானத்தை நீ நகர்த்த வேண்டாம். டினேஷின் தாய் எடுத்தால் நடந்ததைச் சொல்லு. கல்யாணம் நடக்குமோ நிற்குமோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. தக்ஷியிடமும் எல்லாம் சொன்னேன். ஒரு மணித்தியாலம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். வெளியில் வந்து, 'துஷி அண்ணாவின்ர முகத்தில நான் எப்படி முழிக்கிறது?' என்று கேட்டாள். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஈசு


இல்ஃபோர்ட்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஈசு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசித்தேன். வாசித்து முடிய இருந்துவிட்டேன். அவன் வேலையால் வரும்வரை லைற் போடவில்லை.

வந்ததும் சோற்றைப் போட்டுக்கொடுத்துவிட்டுச் சொன்னேன். 'துஷி, செவ்வாய் எண்டு நான் உனக்குச் சொன்னது பொய்.' அவன் தலையை நிமிர்த்தாமல், 'ஈசு அன்ரி சொல்லிப்போட்டா என்ன?' என்றான். 'எனக்குத் தெரியாதெண்டு நீ நினைச்சியே, விசரா' என்றேன். முதலில் சிரித்தவன் அவன்தான். பிறகு நான் அழுதேன், அவன் எழும்பி வந்து பக்கத்தில் நின்றான். அக்ரா தூரத்தை நான் கேட்டபோதே அவனுக்கு விளங்கிவிட்டதாம். கோயிலுக்கு வரும் எந்த மனிசி அக்ராவுக்குப் போகிறா என்று நக்கலடித்தான். கைகழுவும்போது, கீர்த்தனன் என்று அவனோடு வேலை செய்கிற பையனின் தங்கச்சியைப் பற்றி நான் முந்தி ஒருதரம் சொன்னதை ஞாபகப்படுத்தினான். 'ஆனா அம்மா, இந்த முறை நானும் உள்ளுக்கு வாறன்' என்றான். சரி என்றேன்.

டினேஷின் தாய் வியாழக்கிழமை எடுத்தார். நல்ல அமைதியான மனிசி. சுற்றிவளைக்காமல், விமானம் எந்த இடத்தில் பறக்கும்போது பிள்ளை பிறந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். 'யன்னலுக்கு வெளியில பாக்கேல்லையோ?' என்று கேட்டார். நான் பிள்ளையைத்தான் பார்த்தேன் என்றேன். பிள்ளை அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தது, மூக்குக்குள் இருந்ததை என் வாயால் உறிஞ்சி எடுத்துத் துப்பினேன், முதுகைத் தேய்த்தேன், தாய் 'என்ர பிள்ளை செத்துப்போச்சோ' என்று கேட்டுக்கொண்டே இருந்தா, பிறகுதான் அழுதது, அதற்குப் பிறகுதான் மணி பார்த்தேன் என்று சொன்னேன். இதை நான் யாருக்கும் இவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை.

அவர், 'அப்பிடிப் பிழைச்ச பிள்ளையைச் செவ்வாய் என்ன செய்யப்போகுது?' என்றார். தனக்குச் சொன்னாரோ எனக்குச் சொன்னாரோ தெரியாது. என் புருஷன் எப்படிப் போனார் என்று கேட்டார். ஷெல்லில் என்றேன். எங்களுக்குச் சாதகம் பார்த்ததா என்று கேட்டார். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சாதகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. வைப்பதற்கு முன், பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டார். மாமி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நீங்களே அவரிடம் மாற்றிச் சொல்லுங்கள்.

தக்ஷியிடம் சொல்லுங்கள், துஷியின் முகத்தில் தாராளமாக முழிக்கலாம். அவளுடைய கல்யாணத்துக்குக் கோட்டு வாங்கவேண்டும் என்று இப்போதே கணக்குப் பார்க்கிறான்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்னும் இல்லை. மனது ஒரு நேரம் இளகுகிறது, ஒரு நேரம் கல்லாகிறது. ஆனால் நீங்கள் அந்த டெலிபோனை எடுத்தீர்கள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

கல்யாண அழைப்பைத் தபாலில் அனுப்பாதீர்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து சொல்லுங்கள். முந்தி இல்ஃபோர்ட்டுக்கு நீங்கள் வரும் நாட்களில், மூலைக்கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வைப்பேன். மூடி திறக்காத போத்தல் என்றால்தான் என் வீட்டில் உங்கள் தொண்டைக்குள் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. நீங்களும் அதை ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சிரித்துச் சிரித்துச் சோடா குடித்தோம். இந்த முறை கடைக்குப் போகமாட்டேன். தேத்தண்ணிக்குக் கேத்தலைத்தான் வைப்பேன்.

அக்ராவில் ஏஜென்சிக்காரன் சீனி வாங்கித் தரவில்லை, வெறும் தேத்தண்ணிதான் குடித்தோம். அதனால் உங்களுக்கு எத்தனை கரண்டி என்று இருபத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாது. அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

மாலினி